கறுப்பு சாமியார் ஸ்டேஷன்

கேள்வி: லண்டன் மேப்ல 'பிளாக்ஃபிரையர்ஸ்'னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, ஃபிரையர்னா சாமியார்தானே, அதென்ன கறுப்பு சாமியார்? அங்க மடம் ஏதும் இருக்கா, போனா பாக்கலாமா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கறுப்பு சாமியாருக்கு இல்லம்மா, போர்த்தியிருந்த அங்கிக்கு. டொமினிக்கன்ங்கற கத்தோலிக்க துறவி சபைக்காரங்க வெள்ளை உடுப்புக்கு மேல கறுப்பு அங்கி போட்டிருந்தாங்க, பிரான்சிஸ்கன்காரங்க சாம்பல், கார்மேல் சபை வெள்ளை, ஊர் ஜனங்க கலரைப் பாத்தே கூப்பிட்டு அதுவே அவங்க இருந்த தெருவுக்கும் பேராயிடுச்சு. லண்டன்ல ஒயிட்ஃபிரையர்ஸும் உண்டு.

இவங்க பழைய மடத்து துறவிங்க மாதிரி ஊருக்கு வெளிய நிலபுலனோட ஒதுங்கி இருந்தவங்க இல்ல. பிச்சையெடுத்து சாப்பிட்டு ஊருக்குள்ளயே பிரசங்கம் பண்றவங்க, இங்கிலாந்துக்கு டொமினிக்கன் 1221ல வந்தாங்க, பிரான்சிஸ்கன் 1224ல. கோயில் கட்டினதும் அதுக்கேத்த மாதிரிதான், ஜனங்க நிக்கிற பக்கம் பெரிய ஹால், தூண் ஒல்லி ஒல்லியா, கடைசில நிக்கிறவனுக்கும் பிரசங்கியார் முகம் தெரியணும்ல. சாமியாருங்க ஜெபம் பண்ற இடம் உள்ள தனியா, நடுவுல ஒரு நடை, இங்கிலாந்துல பல இடத்துல கோபுரத்தை அந்த நடைக்கு மேலயே ஒடுக்கமா எழுப்பிட்டாங்க.

வேடிக்கை என்னன்னா, ஏழையா இருக்கணும்னு கட்டடத்துக்கும் சட்டம் போட்டாங்க. 1228 டொமினிக்கன் விதிப்படி மாடியில்லாத வீட்டுச் சுவர் 12 அடி, கோயில் 30 அடி, அதுக்கு மேல போகக்கூடாது. பிரான்சிஸ்கனும் 1260ல கல் வளைவுக் கூரை வேணாம், பலிபீடத்துக்கு மேல மட்டும் போட்டுக்கலாம்னாங்க. எங்க கேட்டாங்க! பணக்காரன்லாம் என்னை அங்கதான் புதைக்கணும்னு காசைக் கொட்ட ஆரம்பிச்சுட்டான். இத்தாலில ஃபுளோரன்ஸ்ல சாந்தா குரோச்சே பிச்சைக்கார சபை கோயில்தான், ஆனா உள்ள பேங்க் முதலாளிங்க குடும்பத்து சேப்பல் (சின்ன ஜெபக்கூடம்), சுவர்ல ஜோத்தோ வரைஞ்ச ஓவியம், நடு ஹாலுக்கு மரக்கூரை போட்டதுல மட்டும் சட்டம் கொஞ்சம் மிச்சமிருக்கு. பிரான்ஸ்ல துலூஸ்ல டொமினிக்கன் கோயில் இன்னும் மோசம் (எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதான்), ஹாலுக்கு நட்டநடுவுல ஒரே வரிசைத் தூண், கடைசித் தூண் உச்சில கூரையைத் தாங்குற 22 கல் விலா பிரிஞ்சு பனைமரம் ஓலை விரிச்ச மாதிரி நிக்குது.

சரி லண்டன் கதைக்கு வரேன். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி தன் கல்யாணத்தை ரத்து பண்ணச் சொல்லி 1529ல விசாரணை நடந்தது இந்த பிளாக்ஃபிரையர்ஸ்லதான், ஒன்பது வருஷத்துல அவரே அதை மூடிட்டாரு. அப்புறம் அதுல ஒரு பகுதி நாடகக் கொட்டகை ஆகி ஷேக்ஸ்பியர் குழு அங்க ஆடிச்சு. இப்ப ஸ்டேஷன்ல இறங்கி மடத்தைத் தேடினா ஏமாந்துடுவீங்க, துண்டுச் சுவரைத் தவிர ஒண்ணும் இல்ல. முழுசா பாக்கணும்னா நார்விச் போங்க, அங்க நகரசபை விலைக்கு வாங்கினதால டொமினிக்கன் கோயில் தப்பிச்சுது, பிரசங்க ஹால்ல இப்ப கச்சேரி நடக்குது.