ஸேலாந்துக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் கேட்டவை

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் பழைய தீவுகளும் தீபகற்பங்களும் சேர்ந்த மாகாணம் ஸேலாந்து. காற்றாலைப் படமும் துலிப் பூவும் தேடுகிறவர்கள் இங்கே வரத் தேவையில்லை. கடலோடு மனிதர்கள் எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் கிடையாது. சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து போகிறவர்கள் கேட்டவற்றில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

ஊட்ரெக்டிலிருந்து 48 பேர், ஒரு பேருந்து, ஒரே நாள். வெள்ள அருங்காட்சியகம், நேல்ட்யே யான்ஸ், ஸீரிக்ஸே, ஃபேரே, மிடில்பர்க், கடைசியில் கடற்கரை என்று திட்டம். நடக்குமா?

நடக்காது. வரைபடத்தில் ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் 48 பேர் இறங்கி, கழிப்பறை போய், திரும்ப ஏறித் தலை எண்ணி முடிக்கவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் 25 நிமிடம் போய்விடும். ஆறு நிறுத்தம் என்றால் இரண்டரை மணி நேரம் பேருந்து வாசலிலேயே கழியும். ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது ஒன்று வேண்டுமானால் திரும்பும் வழியில் இருக்கட்டும்.

அந்த இரண்டில் முதலாவது அவுவர்கெர்க் வெள்ள அருங்காட்சியகம், இரண்டாவது ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தின் தடுப்பணை மேலுள்ள பூங்காவான நேல்ட்யே யான்ஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 1953 ஜனவரி 31 இரவு தொடங்கி மறுநாள் வரை அடித்த புயலில் கடலணைகள் உடைந்து, நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அணையின் கடைசி உடைப்பை அதே ஆண்டு நவம்பரில் நான்கு பெரிய கான்கிரீட் பெட்டகங்களை இறக்கி அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி தரையிறக்கத்தின்போது செயற்கைத் துறைமுகம் அமைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட வகைப் பெட்டகங்கள் அவை. அருங்காட்சியகம் அந்த நான்கு பெட்டகங்களுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே கோடையிலும் குளிரும், குழந்தைகளுக்கு மேலாடை எடுத்து வையுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெள்ளம் என்ன செய்தது என்று பார்த்தபிறகு ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணைக்குப் போனால்தான் அதன் அளவு மனதில் ஏறும். முழு நீளம் 9 கிலோமீட்டர், 65 தூண்கள், 62 எஃகுக் கதவுகள். ஒவ்வொரு கதவும் ஏறத்தாழ 42 மீட்டர் அகலம். முதலில் இங்கே கடலை முழுவதுமாக மூடும் அணைதான் திட்டம். மூடினால் உப்புநீர் போய்விடும், மட்டியும் மீனும் அழியும் என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்ததால், சாதாரண நாளில் திறந்திருந்து புயலில் மட்டும் மூடும் அமைப்பாக மாறியது. 1986 அக்டோபரில் திறந்தார்கள். கடல்மட்டம் வழக்கமான அளவுக்கு 3 மீட்டர் மேலே ஏறும் என்று கணிப்பு வந்தால் கதவுகள் இறங்கும்.

நேல்ட்யே யான்ஸ் பூங்காவில் கடல்நாய்கள், புயல்காற்று எந்திரம், தண்ணீர் விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. சிறுவர்கள் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் தடுப்பணைக்குள் நடந்து, காலடியில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பாய்வதைப் பார்ப்பதுதான் வந்ததன் பயன். நீர் வேகமாக ஓடும் நேரம், உச்ச ஏற்றமோ முழு வற்றோ முடிந்து சுமார் மூன்று மணி நேரம் கழித்து வரும். உச்ச ஏற்றத்தில் போனால் கிட்டத்தட்டக் குளம் மாதிரி இருக்கும், 'இதற்கா வந்தோம்' என்பார்கள்.

காலை 8 மணிக்கு ஊட்ரெக்டில் கிளம்பினால் 10 மணிக்கு அவுவர்கெர்க். 12 மணிக்கு அங்கேயே கட்டுச்சோறு. ஒன்றரைக்கு நேல்ட்யே யான்ஸ், மாலை 5 வரை. இரவு ஏழரைக்குள் வீடு. வழியில் ஸீரிக்ஸேயை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், அதற்குத் தனி நாள் வைக்கலாம்.

பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வரப் பேருந்து கேட்டோம். நிறுவனம் இரண்டு ஓட்டுநர்களுக்குக் காசு கேட்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் மொத்தம் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் 9 மணி. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் 10 வரை போகலாம். பாரிஸிலிருந்து மிடில்பர்க் போக நெரிசல் இல்லாத நாளிலேயே பேருந்துக்கு நாலரை மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். போக வர ஒன்பது மணி, அதற்கு மேல் ஊருக்குள் சுற்றும் நேரம். ஒரே ஓட்டுநரோடு 'சமாளித்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் நிறுவனத்திடம்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். இரவு தங்கினால் இரண்டாவது ஓட்டுநர் தேவைப்படாது, அந்தக் காசில் பாதி தங்குமிடத்துக்கு ஆகும்.

14 பேர் ரயிலில் போக எண்ணம். மலிவான வழி?

நெதர்லாந்து ரயில்வேயில் நெரிசல் இல்லாத நேரத்துக்கான குழுச் சீட்டு உண்டு, ஒன்றில் 2 முதல் 7 பேர் வரை. 14 பேருக்கு இரண்டு வாங்க வேண்டும். ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறையும் என்பதால் 7 + 7 ஆகவே பிரியுங்கள். தவறு நடப்பது இரண்டு இடத்தில். வார நாளில் காலை ஆறரை முதல் 9 வரையும், மாலை 4 முதல் ஆறரை வரையும் இது செல்லாது. காலை 8:50க்கே நுழைவாயிலில் சீட்டைக் காட்டி உள்ளே போய்விட்டால் சிக்கல். இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு வரும். அதை அவரவர் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே ஆளிடம் ஏழும் இருந்து அவர் பெட்டி மாறி உட்கார்ந்தால் பரிசோதகர் வரும்போது ஓட்டம்தான்.

ராட்டர்டாமிலிருந்து மிடில்பர்க் நேர்வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வழியில் 'கோஸ்' என்று எழுத்தில் தெரியும் ஊரை அறிவிப்பில் 'ஹூஸ்' என்பார்கள். அங்கே இறங்க வேண்டியவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மிடில்பர்க் நிலையத்திலிருந்து கால்வாய்ப் பாலம் தாண்டிப் பத்து நிமிட நடையில் நகர மையம். வியாழக்கிழமை சந்தை நாள். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் பாருங்கள்.

மடாலயத்தை ஒட்டிய 'லாங்க யான்' கோபுரம் 90 மீட்டருக்குச் சற்று அதிகம், மேல்தளத்துக்கு 207 படிகள், மின்தூக்கி இல்லை. படிக்கட்டு குறுகலானது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் ஒதுங்கி விட வேண்டியிருக்கும். ஏழேழு பேராகப் போங்கள், மற்ற ஏழு பேர் அதற்குள் கால்வாய்ப் படகில் போய்வரலாம். அந்தப் படகு திறந்த படகு. சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு, எல்லோரும் முதுகை வளைத்துக் குனிந்தால்தான் கடக்க முடியும். முதுகுவலிக்காரர்களைக் கரையில் விடுங்கள்.

எழுபது தாண்டிய பெரியவர்கள் ஆறு பேர், ஒருவர் சக்கர நாற்காலியில். எதைத் தவிர்ப்பது?

கோபுரங்களை. ஸீரிக்ஸேயின் பருத்த கோபுரத்துக்கு 279 படிகள். பழைய ஊர்களின் கற்பாவிய தெருக்களில் சக்கர நாற்காலி குலுங்கும், முன் சக்கரம் சிறியதாக இருந்தால் கல் இடுக்கில் மாட்டும். ஃப்ளிசிங்கன் கடற்கரை நடைபாதை சமதளம், உட்கார இருக்கைகள் உண்டு. ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகும் ராட்சதக் கப்பல்கள் கரைக்கு மிக அருகில் கடக்கும். பெரியவர்களை அங்கே ஒரு பிளாஸ்க் தேநீரோடு உட்கார வைத்தால் இரண்டு மணி நேரம் நகரமாட்டார்கள். ஹூஸிலிருந்து கிளம்பும் பழைய நீராவி ரயிலும் நல்ல தேர்வு. அது கோடைப் பருவத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஓடும். பெட்டிகள் பழையவை என்பதால் சக்கர நாற்காலி ஏற்ற முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

குழந்தைகளோடு கடற்கரை. பயமில்லாமல் இறங்கலாமா?

பயம் வேண்டாம், கணக்கு வேண்டும். ஃப்ளிசிங்கனில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் சராசரியாக நாலு மீட்டரை ஒட்டி மாறுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத அளவு. வற்று நேரத்தில் நூறு மீட்டர் மணலில் விரித்த பாய், சாப்பிட்டு முடிக்குமுன் நனையும். ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் தொடுவதால், இன்று 2 மணிக்கு என்றால் நாளை 2:50க்கு. அரசு நீர்த்துறையான ரெய்க்ஸ்வாட்டர்ஸ்டாட் நேரங்களை வெளியிடுகிறது. 'ஹோக்வாட்டர்' என்றால் ஏற்றம், 'லாக்வாட்டர்' என்றால் வற்று. சில அட்டவணைகள் கோடையிலும் குளிர்கால நேரத்திலேயே இருக்கும். தலைப்பைப் பார்த்து ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அபாயம் அதிகம் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது. மணல் திட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். டோம்பர்க் பக்கம் கடலுக்குள் வரிசையாக நட்டிருக்கும் மரக்கம்பங்களை ஒட்டிக் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். அங்கே நீர் சுழலும், சிப்பி கீறும். ஃப்ளிசிங்கனில் கப்பல் கடந்து சில நிமிடம் கழித்து அலை திடீரென்று பின்வாங்கிப் பாய்ந்து வரும். கப்பல் போய்விட்டதே என்று அசந்திருக்கும்போதுதான் இது நடக்கும்.

கொடிகள்: மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் என்றால் காவலர் பணியில் இருக்கிறார். மஞ்சள் மட்டும் என்றால் ஆபத்து, அப்போது இடுப்பளவு நீரே எல்லை என்று குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஆரஞ்சுக் காற்றுப்பை தொங்கினால் ஊதிய படகு, மிதவை எதுவும் தண்ணீரில் வைக்கக்கூடாது, காற்று கடலை நோக்கி அடிக்கிறது. வெள்ளைக் கொடியில் கேள்விக்குறி இருந்தால் தொலைந்த குழந்தை ஒன்று காவலரிடம் இருக்கிறது. உடனே உங்கள் தலைகளை எண்ணுங்கள்.

நாலு வயதுக்குக் கீழே நிறையக் குழந்தைகள் என்றால் கடலே வேண்டாம், ஃபேரே ஏரிக்குப் போங்கள். 1961இல் அணை கட்டிக் கடலிலிருந்து பிரித்த நீர்நிலை அது. ஓத மாற்றம் மிகக் குறைவு.

குழுவில் பாதிப் பேர் சைவம், மீதிப் பேர் மட்டி சாப்பிட ஆசைப்படுகிறார்கள்.

மட்டிக்கு யெர்செகே. நாட்டின் மட்டி ஏலம் நடக்கும் ஊர் அதுதான். பருவம் பொதுவாக ஜூலையில் தொடங்கும். மே, ஜூனில் போய் 'சுவையில்லை' என்று குறை சொல்லாதீர்கள். உணவகத்தில் ஒரு பானை என்றால் ஓட்டோடு சேர்த்து ஒரு கிலோவை ஒட்டி வரும், இரண்டு பேருக்கு ஒன்று வாங்கித் தொடங்கலாம். வெந்தும் திறக்காததை ஒதுக்குங்கள். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் மட்டியைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓஸ்டர்ஸ்கெல்டேயில் அனுமதித்த இடங்களில் சொந்தத் தேவைக்கு ஒருவர் நாளொன்றுக்கு மட்டி, ஆளி (ஆயிஸ்டர்) போன்றவற்றை 10 கிலோ வரை கையால் பொறுக்கலாம். தடித்த ரப்பர் பூட்ஸ் கட்டாயம். 1962-63 கடுங்குளிரில் உள்ளூர் ஆளிகள் பெருமளவு மடிந்தபின் கொண்டுவந்த பசிபிக் ஆளிகள் இப்போது எங்கும் பரவியிருக்கின்றன, ஓட்டின் விளிம்பு கத்தி.

சைவர்களுக்கு உள்ள பொறி உருளைக்கிழங்கு வறுவல். பல கடைகளில் இறைச்சிப் பண்டங்களையும் அதே எண்ணெயில் பொரிப்பார்கள், சிலர் மாட்டுக் கொழுப்பே பயன்படுத்துவார்கள். தனி எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள். பான்கேக் கடையில் சீஸ், ஆப்பிள் வகைகள் கிடைக்கும். ஊர்ச் சிறப்பு 'போலஸ்': பழுப்புச் சர்க்கரையும் பட்டையும் போட்டுச் சுருட்டிச் சுட்ட பிசுபிசுப்பான ரொட்டி. உள்ளூரார் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். ஈரத்துணி கையில் இல்லாமல் 20 குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏற்றாதீர்கள்.

தடுப்பணை மேலே சைக்கிளில் கடக்கலாமா? 12 பேர், நடுத்தர அனுபவம்.

கடக்கலாம். பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அதனால் ஃப்ரௌவன்போல்டரில் தொடங்கி வடக்கே புர்க்-ஹாம்ஸ்டேட் நோக்கிப் போனால் காற்று முதுகைத் தள்ளும். தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். திரும்பி வரப் பேருந்தையோ வாடகை வண்டியையோ மறுமுனையில் நிறுத்துங்கள். 'அதே வழியில் திரும்பலாம்' என்று கிளம்பும் குழுதான் பாதியில் பிரியும். இதே அணையின் மேல் புயல்காற்றில் கியர் இல்லாத சைக்கிளில் எதிர்க்காற்று ஓட்டப் போட்டி நடத்துகிறார்கள், 8.5 கிலோமீட்டர். காற்று பொஃபோர்ட் அளவுகோலில் ஏழாம் நிலைக்குக் கீழே இருந்தால் போட்டியே கிடையாது. உங்களுக்கு நாலாம் நிலை வரை சுகம், ஐந்தில் சிரமம், ஆறு என்றால் திட்டத்தை மாற்றுங்கள். தெற்கே உள்ள வெஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தின் அடியில் போகும் சுரங்கப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஃப்ளிசிங்கன்–பிரெஸ்கன்ஸ் படகில் ஏற்றிக்கொண்டு கடக்க வேண்டும்.

மிடில்பர்க் என்ற பெயருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை இட்டார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்தது இந்த ஊரில்தான் இருந்தது. கப்பல் துறையை ஒட்டிய குய்பர்ஸ்போர்ட் சந்தில் பழைய கிடங்குகள் நிற்கின்றன. அங்கே நடப்பவர்கள் பாலன்ஸ் சதுக்கத்து அடிமை வணிக நினைவுச்சின்னத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வணிகத்திலும் இந்நகரக் கம்பெனி ஒன்று பெரிய பங்கு வகித்தது.

காட்ஸாண்ட் கடற்கரையில் சுறாப்பல் கிடைக்கும் என்பது உண்மையா?

உண்மை, புதைபடிவமான பற்கள். வெள்ளையாகத் தேடினால் கிடைக்காது. கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ, பளபளப்பாக, பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக இருக்கும். புயலுக்கு மறுநாள், வற்றுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், சிப்பித் துகள் கோடாகப் படிந்த இடத்தில் மெதுவாக நடங்கள். மாவுச் சல்லடை ஒன்றும் மூடியுள்ள சிறு டப்பாவும் போதும். சட்டைப்பையில் போட்டால் வீட்டில் துவைக்கும்போது உடையும்.