‘ரெஸ்டோர்’ கொடுத்தும் புதிய கோப்புகள் ஏன் போகவில்லை?

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை பஸ் நேர அட்டவணைச் செயலியில், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் (Git) ‘கிட் ரெஸ்டோர் .’ கொடுத்தும் புதிதாக உருவாக்கிய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டளை கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்புகளை மட்டுமே திருப்பும். அதுவும் கடைசிக் கொமிட்டுக்கு (கடைசியாகப் பதிந்து வைத்த நிலைக்கு) அல்ல, ஸ்டேஜில் (அடுத்த கொமிட்டுக்காக ‘கிட் அட்’ கொடுத்துச் சேர்த்து வைக்கும் இடத்தில்) இருக்கும் நிலைக்கு. ‘கிட் அட்’ கொடுத்த மாற்றம் தங்கிவிடும்; அதையும் சேர்த்துத் துடைக்க ‘கிட் ரீசெட் --ஹார்ட்’ வேண்டும்.

கண்காணிக்காத கோப்புகளுக்கு ‘கிட் கிளீன்’. முதலில் ‘-என்டி’ (-nd) போட்டு, எவை அழியும் என்ற பட்டியலை வரிவரியாக வாசியுங்கள், பிறகுதான் உண்மையில் அழிக்கும் ‘-எஃப்டி’ (-fd). ‘-எக்ஸ்’ மட்டும் சேர்க்கவே வேண்டாம்: கிட்இக்னோரில் (கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியலில்) ஒதுக்கிய கடவுச்சொல் கோப்பும் போய்விடும், அதற்குக் கொமிட்டில் பிரதி கிடையாது.

கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் அழிக்காதீர்கள். ‘கிட் ஸ்டாஷ் -யு’ புதிய கோப்புகளையும் சேர்த்து ஒதுக்கி வைக்கும். ‘கிட் ஸ்டாஷ் பொப்’ திருப்பித் தரும்.

தவறி ரீசெட் செய்துவிட்டீர்களா? ஒருமுறை ‘அட்’ கொடுத்த கோப்பென்றால், நாள் கடத்தாமல் ‘கிட் எஃப்எஸ்செக் --லொஸ்ட்-ஃபவுண்ட்’ (git fsck --lost-found) கொடுங்கள். ‘.கிட்/லொஸ்ட்-ஃபவுண்ட்/அதர்’ கோப்புறையில் உள்ளடக்கம் கிடைக்கும், பழைய பெயர் இருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ‘அட்’ கொடுக்காததை கிட்டால் மீட்க முடியாது, எடிட்டரின் வரலாற்றில் தேடுங்கள்.