டுவெசா தீர்ப்பும் டர்பன் கரைவலையும்

அன்புள்ள ஐயா,

நம் தென்னாப்பிரிக்காவின் டுவெசா-சுவேபே கடல் காப்பகத் தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தடை செய்த கடலில் மீன் பிடிக்கப் போன கோசா மக்களைப் பாரம்பரிய உரிமை உண்டு என்று சொல்லி நீதிமன்றம் விடுவித்ததில் சந்தோஷம். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கரும்புத் தோட்டத்தில் தவணை முடிந்ததும் டர்பன் குடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார். அங்கிருந்து கிளப்பினார்கள், ஃபின்லாண்ட்ஸ் போனோம். அங்கிருந்தும் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். சித்தப்பா இன்றும் கரைவலைக்குப் போகிறார். நாலைந்து ஜூலுக்காரர்களும் அவரோடு வலை இழுக்கிறார்கள். எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறில் தூண்டில். நாலு ஷேட் மீனுக்கு மேல் பிடித்தால் அபராதம்! நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கடலோடு இருக்கிற நாமும் பூர்வகுடிதானே? நமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை?

இன்னொன்று. ஆயா காலத்திலிருந்து உம்கோமாஸ் கரையில் கங்கையம்மனுக்குப் பூஜை வைக்கிறோம். போன முறை ஒருவர் வந்து, இது பாதுகாக்கப்பட்ட கடல், தண்ணீரில் எதையும் விடக் கூடாது என்றார். அதையும் பிடுங்கிக்கொள்வார்களா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குடும்பத்துக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு நியாயம் கேட்க டுவெசா தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் வழக்குக்குப் பொருந்தாது. அதைவிட நன்றாகப் பொருந்துகிற ஒன்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் தீர்ப்பு. 2010 செப்டம்பரில் ஹொபேனி ஊர்க்காரர்கள் சிலர் தூண்டில் கோலோடு டுவெசா-சுவேபே கடல் காப்பகத்துக்குள் போய்ப் பிடிபட்டார்கள். அந்தக் காட்டிலிருந்தும் கரையிலிருந்தும் அவர்களுடைய முன்னோரை முந்தைய அரசுகள் வெளியேற்றியிருந்தன. நிலம் அவர்களுடையதுதான் என்று 2001-ல் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 2000 டிசம்பரில், அந்த நிலத்தை ஒட்டிய கடலில் ஒரு மீன்கூடப் பிடிக்கக் கூடாது என்று அறிவித்தாயிற்று. நிலம் உனக்கு, கடல் எனக்கு! 2012-ல் எலியட்டேல் மாஜிஸ்திரேட், இவர்களுக்குப் பாரம்பரிய உரிமை இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, சட்டம் இப்படி இருக்கிறதே என்று குற்றவாளிகள் என்றார். ம்தாதா நகர உயர் நீதிமன்றமும் 2016-ல் கைவிட்டது. ப்ளூம்ஃபொன்டெயினில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் 2018 ஜூன் 1 அன்று அவர்களை விடுவித்தது. கொங்கோசே வழக்கு என்று அதற்குப் பெயர்.

ரொம்ப காலமாகப் பிடித்தார்கள், அதனால் ஜெயித்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வருஷக் கணக்கு மட்டும் பேசி அவர்கள் ஜெயிக்கவில்லை. எங்களுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது என்று காட்டினார்கள். தூண்டிலை எங்கே போடுவது என்பதைத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறான், குஞ்சு மீன் வந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும், வைத்தியர்கள் சடங்கு செய்வதும் இந்தக் கடலில்தான் என்று பெரியவர்கள் சாட்சி சொன்னார்கள். அரசியல் சாசனத்தின் 211-வது பிரிவு, பாரம்பரியச் சட்டம் பொருந்துகிற இடத்தில் நீதிமன்றம் அதை ஏற்றே ஆக வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் கொடுக்காத உரிமையை, 1998-ன் கடல் வளச் சட்டம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அழித்துவிட முடியாது என்று தீர்ப்பானது. வேண்டும் என்கிற அளவுக்குப் பிடிக்கலாம் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. மீன்வளத்தைக் காப்பாற்ற முறையாகச் சட்டம் செய்து அந்த உரிமையையும் வரம்புக்குள் வைக்கலாம்.

நம் ஆட்களிடம் அப்படிப்பட்ட சட்டம் உண்டா? உண்டு, ஆனால் டர்பனில் இல்லை. நாகப்பட்டினம், கடலூர் கரையில் பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் எந்த வலை போடலாம், எது கூடாது என்று கட்டுப்பாடு வைக்கிறது. சுருக்குவலைக்கு எதிராக அவர்கள் போட்ட சண்டையெல்லாம் பத்திரிகையில் வந்ததுதானே. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களும், பின்னால் வந்தவர்களும் இங்கே காலனி அரசின் சட்டத்துக்குள்தான் வலை வீசினார்கள். அந்தச் சட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம், பறிபோனது நிறைய. அது வேறு வகை வழக்கு. 'நாமும் பூர்வகுடி' என்று ஆரம்பித்தால், இந்த மண்ணில் ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்களின் வரிசையில் நாம் இடையில் புகுந்தது போல ஆகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஷேட் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். ஒரு நாளைக்கு நாலு, முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், அக்டோபர் நவம்பரில் தொடவே கூடாது. டுவெசா பெரியவர்கள் குஞ்சு மீனைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். அவர்களுக்கு அது பெருமை, நமக்கு அபராதச் சீட்டு என்றால் எப்படி? குழம்புக்கு நாலு போதும்.

பூஜைக்கு வருகிறேன். உம்கோமாஸ் கரைக்கு எதிரே இருப்பது அலிவால் ஷோல் காப்பகம். 2004-ல் அறிவித்து 2019-ல் பெரிதாக்கினார்கள். காப்பகச் சட்டம் தடுப்பது அனுமதியில்லாமல் மீனையும் மற்ற உயிரையும் எடுப்பதை, கழிவு கொட்டுவதை. கும்பிடுவதை அல்ல. மத சுதந்திரமும், ஒரு சமூகம் கூடித் தன் வழிபாட்டை நடத்துகிற உரிமையும் சாசனத்தின் 15, 31 பிரிவுகளில் இருக்கின்றன. அதற்குப் பூர்வகுடிப் பட்டமும் வேண்டாம். டுவெசா இருக்கிற வைல்ட் கோஸ்ட் கரையில் எண்ணெய், எரிவாயு தேடி ஷெல் கம்பெனி நில அதிர்வு ஆய்வு செய்யக் கிளம்பியபோது, எங்கள் முன்னோர் கடலில் இருக்கிறார்கள், அவர்களைக் கலைக்காதே என்று அந்தக் கரை மக்கள் வழக்குப் போட்டார்கள். மக்காண்டா உயர் நீதிமன்றம் அந்த நம்பிக்கையை மதித்துத்தான் 2021 டிசம்பரில் தடை விதித்தது, 2022 செப்டம்பரில் அந்த உரிமத்தையே ரத்து செய்தது.

டர்பன் கரையில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். சியோன் சபைக்காரர்கள் வெள்ளை அங்கியோடு அலையில் முங்கி ஞானஸ்நானம் எடுப்பார்கள். உள்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாட்டிலில் கடல்நீர் பிடித்துப் போவார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. நம்மவர்கள் போன பிறகு கிடப்பதையும் பாருங்கள்: தேங்காய் மூடி, வெற்றிலை, வாழைப்பழம், சரி. அதோடு ஊதுபத்தி உறை, எண்ணெய் பாட்டில், சரிகை வைத்த நைலான் துணி, கற்பூர டப்பா. உங்களிடம் வந்தவர் எதையும் விடக் கூடாது என்று சொன்னது அதிகம்தான், ஆனால் இந்தக் குவியலைப் பார்த்துவிட்டு வந்தவராக இருக்கலாம். பூவும் மஞ்சளும் வாழையிலையும் ஆயா காலத்துச் சாமான். அதோடு போங்கள், மிச்சத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அவர் மறுபடி வந்தால் எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இனி நான் முதலில் சொன்ன சட்டம். கடல் வளச் சட்டத்துக்கு 2014-ல் ஒரு திருத்தம் வந்தது. சிறுதொழில் மீனவர் சமூகம் என்றால் யார் என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. கூடி மீன் பிடித்த வரலாறு உள்ளவர்கள், கட்டாய வெளியேற்றம் மட்டும் நடக்காதிருந்தால் இன்ன கடற்பகுதியோடு ஒட்டியிருந்திருப்பார்கள் என்கிற பொருளில் போகிறது. சாலிஸ்பரி தீவு, ஃபின்லாண்ட்ஸ், சாட்ஸ்வொர்த் என்று நீங்கள் எழுதிய மூன்று பெயரையும் அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதில் இனமும் கேட்கவில்லை, எந்தக் கப்பலில் வந்தாய் என்றும் கேட்கவில்லை. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்கிற நில மீட்புச் சட்டம் வேறு. அதற்கு மனுப் போடும் கெடு 1998 டிசம்பரோடு முடிந்தது. 2014-ல் மறுபடி திறந்ததையும் 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது கெடுவுக்குள் போட்டிருந்தால் அந்த மனு எண்ணைத் தேடி எடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிச் சம்பளம் வாங்குகிற உங்களுக்குச் சிறுதொழில் மீனவர் உரிமை கிடைக்காது. கோபிக்க வேண்டாம், பிழைப்பே மீனாக இருக்கிறவர்களுக்கானது அது. சித்தப்பாவுக்குக் கிடைக்கலாம். உரிமை தனி ஆளுக்கு இல்லை, கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே அவர் ஒருத்தராகப் போய் நிற்பதில் பயனில்லை, வலைக் குழு முழுக்கப் போக வேண்டும். பழைய உரிமச் சீட்டு, வலையோடு எடுத்த படம், சந்தையில் மீன் கொடுத்த ரசீது, எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். பெயர்ப் பட்டியல் எழுதும்போது அந்த நாலைந்து ஜூலுக்காரர்களையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.