பழைய போலீஸ் ரிவால்வர் வாங்கும்முன்: எதைச் சோதிப்பது, எதை விட்டுவிடுவது

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. சுடுதளத்தில் குறி பார்த்துச் சுட்டுப் பழக, விலை குறைந்த பழைய சர்ப்ளஸ் ரிவால்வர் ஒன்று வாங்க நினைக்கிறேன். ரஷ்ய நாகான் 1895, இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி, போலீஸ் துறை கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 ஆகிய மூன்றும் கண்ணில் படுகின்றன. எதை எடுப்பது? நிலைமையைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாடல் 10-ஐ எடுங்கள். வெளிப்பூச்சு உரிந்து, பார்க்க மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் அப்படிப்பட்டதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். போலீஸ்காரர் இடுப்பில் வருடக்கணக்காகத் தொங்கிய ரிவால்வர் ஹோல்ஸ்டரில் உரசி உரசி வெளுத்திருக்கும். ஆனால் சுட்டது பெரும்பாலும் தகுதித் தேர்வுகளில் மட்டும்தான். வெளியே தேய்ந்து உள்ளே புதிதாக இருக்கும் இந்த நிலைமைதான் வாங்குபவருக்கு லாபம். 38 ஸ்பெஷல் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

நாகானின் கதை வேறு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லெயோன் நாகான் வடிவமைத்த ஏழு தோட்டா ரிவால்வர் அது. பின்னால் உள்ள சுத்தியலை (ஹேமர்) இழுத்தால், தோட்டாக்கள் இருக்கும் உருளை (சிலிண்டர்) முன்னே நகர்ந்து பேரலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் பித்தளைக் கூண்டின் (கேஸ்) வாய் பேரலுக்குள் நுழைந்து வாயுக் கசிவை அடைக்கும். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. சுடுவதற்கோ பொறுமை வேண்டும். ஹேமரை இழுக்காமல் ட்ரிகரை மட்டும் அழுத்திச் சுட்டால் விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கம். தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். அதற்குரிய 7.62 x 38 ஆர் தோட்டா எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை அதிகம். '32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் போட்டுச் சுடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கூண்டு நாகான் சிலிண்டரில் தோட்டா இருக்கும் துளைக்கு, அதாவது அறைக்கு, சிறியது, உப்பிப் பிளந்துவிடும். ஒரு காலத்தில் நூறு டாலருக்குள் கிடைத்ததால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். இன்றைய விலைக்கு, சேகரிப்பில் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

விக்டரியில்தான் உண்மையான பொறி இருக்கிறது. அமெரிக்கப் படைகளுக்குப் போனவை 38 ஸ்பெஷல். பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவை 38 ஸ்மித் அண்ட் வெசன். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தோட்டா. பிந்தையது கட்டையானது, கொஞ்சம் பருமனானது: கூண்டின் நீளம் 0.775 அங்குலம், அடிப்பக்க விட்டம் 0.386 அங்குலம். 38 ஸ்பெஷலுக்கு அவை 1.155, 0.379. போருக்குப் பின் இவை அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியபோது, நல்ல விலைக்கு விற்க, அறையைக் குடைந்து நீளமாக்கி '38 ஸ்பெஷல்' என்று விற்றார்கள். நீளம் சரியாகிவிட்டது, பருமன் சரியாகவில்லை. அதில் சுட்ட கூண்டை வெளியே எடுத்துப் பாருங்கள்: அடிப்பகுதி வயிறு உப்பியதுபோல் வீங்கி, நடுவில் ஒரு படி தெரியும். சில பக்கவாட்டில் பிளந்தே வரும். பேரலும் ஒரு சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அகலமானது என்பதால் குறியும் நன்றாக விழாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. 38 ஸ்பெஷல் அளவு ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். குடையப்படாத 38 ஸ்மித் அண்ட் வெசன் அறைக்குள் அது முழுதாக இறங்காது, பாதியில் நிற்கும். பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள், ஐந்து அங்குல பேரல் (அல்லது அதிலிருந்து வெட்டிக் குறைத்த பேரல்) இருந்தும் ஸ்னாப் கேப் அடிவரை இறங்கினால், குடைந்த துப்பாக்கி. வைத்துவிட்டு வாருங்கள்.

விக்டரியில் இன்னொன்றும் உண்டு. 1944 இறுதியில், கப்பல் தளத்தில் கீழே விழுந்த ஒரு விக்டரி தானாகச் சுட்டு மாலுமி ஒருவர் இறந்தார். அதன்பிறகுதான் ஸ்மித் அண்ட் வெசன் புதிய ஹேமர் தடுப்பைச் சேர்த்தது. அப்படி மாற்றியவற்றின் வரிசை எண்ணில் வி-யோடு எஸ் எழுத்தும் இருக்கும். அது இல்லாததை வாங்கினால், ஹேமருக்கு நேரான அறையை எப்போதும் காலியாக வைக்க வேண்டும்.

ஸ்பெயினின் எய்பார் நகரத்தில் ஸ்மித் அண்ட் வெசனைப் பார்த்துச் செய்த பழைய நகல்களும் மலிவாக வரும். எஃகு மென்மையானது, உதிரிபாகம் பொருந்தாது. சுடுவதற்கு வேண்டாம்.

இனி கடையில் செய்ய வேண்டியவை. ஒரு ஃபீலர் கேஜ், சிறிய டார்ச், ஆறு ஸ்னாப் கேப் போதும். ஃபீலர் கேஜ் என்றால் வால்வு இடைவெளி அளக்க மெக்கானிக் வைத்திருக்கும் அதே தகடுகள்தான். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ட்ரிகரை இழுத்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டைமிங். ஆறு அறையிலும் ஸ்னாப் கேப் போட்டு மூடுங்கள். வெறும் அறையோடு சோதித்தால், சிலிண்டரின் பின்னால் உள்ள நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் சில துப்பாக்கிகளில் லேசாக ஆடி, நல்ல துப்பாக்கியையே பழுதானதாகக் காட்டும். ஒரு விரலைச் சிலிண்டர் மேல் லேசாக வைத்து இழுவை கொடுத்தபடி, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் விரலால் சிலிண்டரைத் தள்ளித்தான் பூட்ட முடிகிறது என்றால், சிலிண்டரைச் சுற்றும் உள் நெம்பு (ஹேண்ட்) தேய்ந்திருக்கிறது, அல்லது எக்ஸ்ட்ராக்டரின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. அந்த நிலையில் சுட்டால் அறையும் பேரலும் நேர்கோட்டில் இல்லாமல், குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் அது படும். ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறுவது சகஜம். பிறகு ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுத்து இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது முன்பின் ஆட்டம். ஸ்னாப் கேப்களை எடுத்துவிட்டுச் சிலிண்டரை மூடுங்கள். அதைப் பின்னால் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள். பிறகு முன்னால் தள்ளி அளந்து கழியுங்கள். பின்னால் தள்ளும்போது 0.007 அங்குலம், முன்னால் 0.005 என்றால் ஆட்டம் 0.002; கவலையில்லை. வித்தியாசம் 0.004-ஐத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்ய 0.002 அங்குலத் தடிமனில் வளையங்கள் விற்கிறார்கள், மலிவான வேலை. ஆனால் பின்னால் தள்ளி அளந்த இடைவெளியே 0.012-க்கு மேல் என்றால், அதற்கு வளையம் போட்டுப் பயனில்லை. பேரலில் கைவைக்க வேண்டும், கட்டுப்படியாகாது.

ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரைப் பக்கவாட்டில் அசைத்தால் ஸ்மித் அண்ட் வெசன் சற்றே ஆடும். அது இயல்பு. கோல்ட் நிறுவனத்தின் பழைய ரிவால்வரான அஃபிஷியல் போலீஸ் அப்படி ஆடவே கூடாது, ட்ரிகரை அழுத்தியதும் கல்போல் நிற்க வேண்டும். ஆடினால் விட்டுவிடுங்கள், அந்தப் பழைய கோல்ட் இயக்கத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு.

ஹேமரை இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் ஓரளவு அழுத்துங்கள். விழுந்தால் யாரோ உள்ளே ராவி விளையாடியிருக்கிறார்கள். கைப்பிடியின் முன்பக்கம் கீழே ஒரு சிறு திருகு இருக்கும். ட்ரிகர் இலகுவாக வேண்டும் என்று பலர் அதைத் தளர்த்திவிடுவார்கள், பிறகு பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீப்பொறி மூடி) வெடிக்கவில்லை என்று துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். அது முழுதாக இறுக்கியிருக்க வேண்டும்.

திரைப்படத்தில் வருவதுபோல் கையை உதறிச் சிலிண்டரை மூடிய துப்பாக்கிகளில், சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை (கிரேன்) வளைந்திருக்கும். சிலிண்டரைச் சுற்றி, ஒவ்வொரு அறையிலும் முன் இடைவெளியை அளந்தால் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒட்டியும் தெரியும். எக்ஸ்ட்ராக்டர் கம்பி வளைந்திருந்தால், திறந்து சுழற்றும்போது அதன் நுனி ஆடும்.

பேரலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே திருகலாக ஓடும் கோடுகளில் ஒட்டிய ஈயம் தேய்த்தால் போகும், துருக்குழி போகாது. சின்னக் குழிகள் குறியை அவ்வளவு கெடுப்பதில்லை. ஆனால் உள்ளே ஓரிடத்தில் வளையமாக நிழல் விழுந்தால், நடுவில் சிக்கிய குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டுப் பேரல் உப்பியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். ரப்பர் பிடி போட்டிருந்தால் ஒரே திருகுதான், கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். வியர்வை தங்கித் துரு அரிப்பது அதற்கடியில்தான்.

புளூயிங் (நீலக் கறுப்பு வெளிப்பூச்சு) தேய்வு, பின்புறம் பொறித்த போலீஸ் துறை எழுத்து, சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு, பேரலுக்கு மேலே துப்பாக்கியின் சட்டத்தில் (ஃபிரேம்) தீப்பட்ட சிறு தழும்பு ஆகியவற்றுக்காக ஒரு நல்ல துப்பாக்கியை விடாதீர்கள்.

சிலிண்டரைத் திறந்தால் சட்டத்தின் உட்புறம் மாடல் எண் பொறித்திருக்கும். எண் இல்லையென்றால் அது 1957-க்கு முந்தையது. அதில் அழுத்தம் கூடிய 'பிளஸ் பி' தோட்டா போட வேண்டாம்.

சட்டம்: ஆன்லைனில் வாங்கினால் துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வந்து சேரும். 4473 என்ற கூட்டாட்சிப் படிவம் கட்டாயம்; பின்னணிச் சோதனையும் பொதுவாக உண்டு. வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மேலே சொன்ன சோதனைகளை அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே முடியுங்கள், பெயருக்கு மாறியபின் திருப்பிக் கொடுப்பது கடினம். கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடையில்லை. எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உங்களுடையதைச் சுடுதளத்தில் அவர்கள் கையில் கொடுக்கும்முன் இதை நினைவில் வையுங்கள்.

முதல் நாள் கண்ணாடி அணிந்து, 158 கிரெய்ன் எடைக் குண்டுள்ள சாதாரண 38 ஸ்பெஷல் ஆறு மட்டும் சுடுங்கள். கூண்டுகளை அறை வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள். பிரைமரின் குழி நடுவில் விழுந்திருக்கிறதா, கூண்டு எளிதாக வெளியே வந்ததா, பேரலின் பின்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் ஈயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு அறையில் குழி ஓரமாக விழுந்திருந்தால், அடுத்த ஆறைப் போடாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவரிடம் அந்தக் கூண்டோடு கொண்டு போங்கள்.