ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்!

கேள்வி: பெங்களூரு பொம்மனஹள்ளியில் வசிக்கிறோம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் முடிந்துவிட்டது. சம்பளம் 27,000 ரூபாய். இப்போது ஐந்தாவது மாதம், முதல் குழந்தை. "ஒரு வருஷம் ஆகாததால் சம்பளத்தோடு லீவு கிடையாது. ராஜினாமா செய்துவிட்டு, பிறகு வந்து சேர்ந்துகொள்ளுங்கள்" என்கிறார் ஹெச்.ஆர். பிரசவத்துக்கு ஓசூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். என் கணவருக்கு லீவு கிடைக்குமா?

பதில்: அவர் சொல்வது தவறு, சகோதரி. ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறை நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். நான்கு மாதத்தில் நீங்கள் 80-ஐத் தொட்டிருப்பீர்கள். வருகைப் பதிவை இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். அதனால்தான் "நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது உங்கள் விருப்பம் என்றாகிவிடும். திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது வெறும் வாய்வார்த்தை.

மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். விடுப்பு கேட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தத் தேதியிலிருந்து வரமாட்டீர்கள், விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யமாட்டீர்கள், பணத்தை உங்களிடம் தர வேண்டுமா அல்லது நீங்கள் குறிப்பிடுபவரிடமா. மருத்துவர் சான்றை இணைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், அச்சுப் பிரதியையும் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான தொகையை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். ஓசூர் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 26 வாரம் என்றால் 182 நாள். சில அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 156 நாளுக்குத்தான் தருகின்றன. ஒரு நாள் சராசரிச் சம்பளம் 900 ரூபாய் என்றால் 23,400 ரூபாய் நஷ்டம்! கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், ஞாயிறும் சேரும் என்றே தீர்ப்பாயிற்று. நம் ஊர்த் தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக நடந்த வழக்கு அது. நீங்கள் ஒப்பந்த ஊழியராக இருந்தாலும் கவலை வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பயன் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது.

மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதோடு பன்னேர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் எழுத்தில் கேட்டதுமே பேச்சு மாறிவிடும்.

உங்கள் கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் உண்டு. தனியார் துறையில் அப்பாக்களுக்கு எந்தச் சட்டமும் விடுப்பு தரவில்லை. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறோம். பச்சைக் குழந்தையைத் தாய் மட்டுமே பார்த்துக்கொள்வாள் என்று சட்டமே முடிவு கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. அவருடைய நிறுவனத்தின் விதியைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சம்பள விடுப்பை இப்போதிருந்தே சேர்க்கட்டும். எல்லாவற்றையும் பிரசவத்தின்போதே செலவழிக்க வேண்டாம், ஓசூரில் அம்மா இருக்கிறார். பாதியையாவது நீங்கள் வேலைக்குத் திரும்பும் முதல் இரண்டு வாரத்துக்கு வையுங்கள். குழந்தை காப்பகத்துக்குப் பழகுவதும் அப்போதுதான்.