பெட்டியோடு நிறுத்த பாவம்

கேள்வி: நியாயத்தீர்ப்பைப் பற்றிய செய்தியைக் கேட்ட நாளிலிருந்து மனஸ்தாபப்பட்டு அழுகிறேன். 40 நாள் உபவாசமும் முடித்தேன். சமாதானம் இல்லை. நினிவேக்காரர் எத்தனை நாள் உபவாசம் இருந்தார்கள்? நான் இனிப்புக் கடை நடத்துகிறேன். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுப்பதுண்டு. அது எல்லாக் கடையிலும் நடப்பதுதான்.
- ஒரு வாசகர்

பதில்: நினிவேக்காரரின் உபவாசத்துக்கு வேதாகமத்தின் யோனா புத்தகம் நாள் கணக்கே சொல்லவில்லை. நாற்பது என்பது, நினிவே பட்டணம் கவிழ்வதற்கு என்று யோனா தீர்க்கதரிசி அறிவித்த தவணை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தத் தவணையும் 3 நாள்தான். சுரியானி சபைகள் நினிவே நோன்பை இன்றைக்கும் 3 நாள் அனுசரிக்கின்றன. கேரளத்தில் குறவிலங்காட்டு ஆலயத்தில் இதற்கு 'மூன்று நோம்பு' என்று பெயர். அங்கே யோனா ஏறிய கப்பலின் நினைவாக மரக்கப்பல் ஒன்றைத் தோளில் சுமந்து, புயலில் ஆடுவதுபோல ஆட்டியபடி பவனி வருவார்கள்.

நாளை விடுங்கள். நீங்கள் எழுதிய 'மனஸ்தாபம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறேன். இன்றைய பேச்சில் அதற்கு இரண்டு பேருக்குள் வந்த பிணக்கு என்று பொருள். நம் பழைய வேதாகமத் தமிழில் செய்ததை நினைத்து மனம் நோவது. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோன யூதாஸுக்கு மத்தேயு 27:3 போடுகிற சொல்லும் இதுவே. யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், மனந்திரும்பவில்லை. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள். 2 கொரிந்தியர் 7:10இல் பவுல் இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்துப் பிரிக்கிறார். 'லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது' என்பதும் அங்கேதான்.

எபிரெயத்தில் மனந்திரும்புவதற்கு 'ஷூப்' என்பார்கள். போன வழியில் நின்று, திரும்பி நடப்பது. நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி, இரட்டு என்ற முரட்டுச் சாக்குத் துணியை உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்தான். மிருகங்களுக்கும் இரட்டு போர்த்தச் சொன்னான். ஆனால் யோனா 3:10ஐ நிதானமாக வாசியுங்கள். தேவன் அவர்களுடைய கிரியைகளைப் பார்த்தார் என்றிருக்கிறது. இரட்டைப் பற்றியோ சாம்பலைப் பற்றியோ அந்த வசனத்தில் ஒரு வார்த்தை இல்லை. கைகளிலுள்ள கொடுமையை விட வேண்டும் என்பது ராஜாவின் கட்டளை. இதற்கு யூத ரபீமார் கொடுத்த விளக்கம் அவர்களுடைய போதனைத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது: திருடிய உத்தரத்தை, அதாவது கூரை தாங்கும் மரத்தை, வைத்து மாளிகையே எழுப்பியிருந்தாலும், மாளிகையை இடித்து உத்தரத்தை உரியவனிடம் சேர்த்தார்களாம்.

உங்கள் உத்தரம் அந்த அட்டைப் பெட்டி. 'எல்லாக் கடையிலும் நடப்பதுதான்' என்று கடைசி வரியில் ஒதுக்கிவிட்டீர்களே, சமாதானம் அங்கேதான் தடைபட்டு நிற்கிறது.

கணக்குப் போடுவோம். பெட்டி 80 கிராம், ஒரு நாளைக்கு 25 பெட்டி என்றால் 2 கிலோ அட்டையை இனிப்பு விலைக்கு விற்றிருக்கிறீர்கள். கிலோ 500 ரூபாய் என்றால் நாளுக்கு 1,000. வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 3 லட்சம். லேவியராகமம் 6இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும், ஆக 3,60,000. வரிசையையும் பாருங்கள். முதலில் உரியவனுக்குப் பணம், அதற்குப் பிறகுதான் குற்றநிவாரண பலியாக ஆட்டுக்கடா. இதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று போதிக்கிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கு உண்டு, இப்போதும் விடுவதாக இல்லை. உரியவனும் அவனுடைய இனத்தானும் இல்லாதபோது மட்டுமே அது ஆசாரியனுக்குப் போகும். எண்ணாகமம் 5:8 பாருங்கள்.

கிருபையின் காலத்தில் இது எதற்கு என்பார்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது, இயேசு அவன் வீட்டில் தங்க வந்த பிறகு. இரட்சிப்புக்கு அவன் விலை கொடுக்கவில்லை. இரட்சிப்பு வந்த வீட்டில் அநியாயப் பணம் தங்காது, அவ்வளவுதான்.

நாளைக் காலை தராசில் வெறும் பெட்டியை வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்ததும் நிரப்புங்கள். பண்டிகை நெரிசலில் பையன்கள் பூஜ்யம் வரும் முன்பே அள்ளிப் போடுவார்கள், பழைய தப்பு அங்கே திரும்பவும் நுழையும். அந்த நாட்களில் தட்டுக்கு ஒரே முறை டேர் வைத்துக்கொண்டு, இனிப்பைத் தட்டில் நிறுத்துப் பிறகு பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். எடை காட்டும் பக்கம் வாங்குகிறவரைப் பார்த்து இருக்கட்டும்.

வந்துபோன முகம் தெரியாதவர்களுக்கு எப்படித் தருவது என்று கேட்பீர்கள். இதே சிக்கல் வரி வசூலித்தவர்களுக்கும் இருந்தது. தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடு, மற்றதற்குப் பொதுமக்கள் பயன்படுத்தும்படி கிணறு வெட்டு என்றது தல்மூத். நல்ல வழி, நீங்களும் செய்யலாம்.

ஆனால் கல்யாண ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர் பில் புத்தகத்தில் இருக்குமே. ஒரு கிலோ பெட்டியாக 30 வாங்கியவருக்கு 2 கிலோ 400 கிராம் குறைந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2 கிலோ 880 கிராம். அவர் வீட்டுக்குப் போய் அந்த எடையைச் சொல்லியே பேசுங்கள். 'தெரியாமல் ஏதாவது தப்பு நடந்திருந்தால்' என்று ஆரம்பிக்காதீர்கள். போகும்போது இனிப்பும் வேண்டாம், பணமாகக் கொடுங்கள். இனிப்போடு போனால் ஏதோ விசேஷம் என்று நினைத்து வாங்கி வைத்துவிடுவார்கள்.