ஹவானாவும் துடைப்பமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியூபா பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அமெரிக்க மாஃபியாவும் சர்வாதிகாரி பாத்திஸ்தாவும் சேர்ந்து ஒரு நல்ல நாட்டைக் கெடுத்தார்கள், அதனால்தான் 1959இல் புரட்சி வந்தது என்று நினைத்திருந்தேன். நீங்களோ அதற்கு முன்னால் இருந்த ஜனாதிபதிகளையும் சாடுகிறீர்கள். அவர்கள் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள்தானே?

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

ஆமாம், ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான். எனக்கு வேதனையே அதில்தான். 1944இல் கிராவ் சான் மார்ட்டின் ஜெயித்தபோது மக்கள் அப்படிக் கொண்டாடினார்கள். அவருடைய கல்வி அமைச்சர் அலெமான், பள்ளிக்கூடங்களுக்கான பணத்தைச் சுருட்டி மயாமியில் சொத்து வாங்கினார். பிள்ளைகளின் பணம்! சூதாட்ட விடுதிக் கொள்ளையைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. 1946 டிசம்பரில் லக்கி லூசியானோ, மேயர் லான்ஸ்கி உள்ளிட்ட மாஃபியாத் தலைகள் ஹவானாவின் நசியோனால் ஹோட்டலில் கூடினார்களே, அப்போதும் ஆட்சி கிராவுடையதுதான்.

இதையெல்லாம் ஒருவர் விடாமல் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவார்தோ சிபாஸ். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அவர் பேசினால் நாடே கேட்கும். அவர் கட்சியின் சின்னம் துடைப்பம், முழக்கம் 'பணத்துக்கு எதிராக மானம்'. கிராவுக்குப் பின் வந்த பிரியோவின் ஆட்சியில், கல்வி அமைச்சர் ஒருவர் மீது ஊழல் புகார் சொன்னார். ஆதாரம் காட்டுவதாக வாக்கும் கொடுத்தார். காட்ட முடியவில்லை. 1951 ஆகஸ்ட் 5 அன்று பேசி முடித்ததும் வானொலி நிலையத்திலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். பதினோரு நாள் கழித்து இறந்தார். அந்த ஒரு புகாரில் அவர் அவசரப்பட்டிருக்கலாம். ஆனால் திருட்டுக்காக வெட்கப்பட்டு உயிரை விட்டவர், திருடாத அவர்தான்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1952 மார்ச் 10 அன்று பாத்திஸ்தா ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். பெரிய எதிர்ப்பே இல்லை. பிரியோவைக் காப்பாற்ற யார் தெருவுக்கு வருவார்கள்? ஜூனில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோனது. அதில் சிபாஸின் கட்சி சார்பில் போட்டியிடவிருந்த இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் ஃபிடல் காஸ்ட்ரோ.

அப்புறம் மாஃபியா. அவர்கள் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை, சட்டமே கதவைத் திறந்துவிட்டது. பத்து லட்சம் டாலர் போட்டு ஹோட்டல் கட்டினால் சூதாட்ட உரிமம் உண்டு, வரிச்சலுகை உண்டு என்று 1955இல் சட்டம் போட்டார்கள். போதாததற்கு அரசு வங்கிக் கடன் வேறு. 1957 டிசம்பரில் லான்ஸ்கியின் ரிவியேரா ஹோட்டல் ஹவானா கடற்கரையில் எழுந்து நின்றது இப்படித்தான். அதே கியூபாவில் கரும்பு வெட்டு முடிந்தால் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் வேலை கிடையாது.

1959 ஜனவரி 1 அன்று பாத்திஸ்தா ஓடிய செய்தி பரவியதும், ஹவானா மக்கள் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மேசைகளை நொறுக்கினார்கள். தெருவோரத்தில் வண்டி நிறுத்தக் காசு போடும் மீட்டர்களைக்கூட விடவில்லை. அந்தச் சில்லறை யார் பைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்புடன்